போட்டோ ஓரத்தில் நிற்கும் சவரிமுத்து

பனிப்பேட்டைக்குப் பிலிம் கம்பெனி ஏன் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். மலைக்காற்றில் தூசி இல்லை என்பதால் வந்தது என்பார்கள், ஓடைத் தண்ணீர் சுத்தம் என்பதால் வந்தது என்பார்கள், யாரோ ஒரு மந்திரியின் சம்சாரத்துக்கு எங்கள் ஊர் கேரட் பிடித்துப்போனதால் வந்தது என்று சொல்லும் ஒரு கட்சியும் உண்டு. எதனாலோ வந்தது. வந்து ஒரு குன்றின் தலையை மழித்து, சன்னலே இல்லாத கட்டடங்களை வரிசையாக நிறுத்தி, சங்கு ஊதி, அதுவரை உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த எங்களைக் கை கழுவிக்கொண்டு உள்ளே வரச் சொன்னது.

உள்ளே இருட்டு. சாதாரண இருட்டு இல்லை. கரண்டு போனால் வருகிற இருட்டில் கொஞ்ச நேரம் போனால் கண் பழகும், எங்கள் கோட்டிங் ரூம் இருட்டில் ஆயுசு முழுக்க நின்றாலும் பழகாது. பிளாஸ்டிக் சுருள் ஒரு பக்கம் ஓட, வெள்ளி கலந்த கூழ் அதன்மேல் மெல்லிசாகப் படிய, ஒரு பொட்டு வெளிச்சம் பட்டால் அத்தனையும் பாழ் என்பதால், ரேடியம் முள் வைத்த கைக்கடிகாரம் கூடாது, பீடி கூடாது, தூசி பறக்கும் என்று முகப் பவுடர் கூடாது, மகரந்தம் உதிரும் என்று பெண்கள் தலையில் பூ கூடாது. வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு, இப்படி எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன நாங்கள்தான், தமிழ்நாடு முழுக்கப் பவுடர் பூசிப் பூ வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றவர்களுக்குப் பிலிம் செய்து கொடுத்தோம். ‘தாரகை பிலிம்’ என்று மஞ்சள் டப்பாவில் வருமே, அதுதான்.

இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்ளாமல் இருக்க எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. யார் நடந்தாலும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். “சவரிமுத்து வர்றேன், சவரிமுத்து வர்றேன்” என்று குரல் நெருங்கி வரும், நாம் சுவரோடு ஒட்டிக்கொள்வோம், “சவரிமுத்து போறேன்” என்று குரல் தாண்டிப் போகும். ஒரு ஷிப்டில் நாற்பது பேர். நாற்பது பெயரும் நாள் முழுக்க அந்த அறைக்குள் மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கும். மூக்கும் முழியும் தெரியாமல் குரலை மட்டும் வைத்து எங்களுக்குள் சண்டை வந்திருக்கிறது, சமாதானம் ஆகியிருக்கிறது, கல்யாணமும் ஆகியிருக்கிறது. சவரிமுத்துவுக்கும் பிலோமினாவுக்கும் ஆனது அப்படித்தான். ஆறு மாதம் குரலிலேயே பழகிவிட்டு, கேன்டீன் வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தபோது, “நீங்கதானா அது? குரலுக்கு இன்னும் உசரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்” என்று பிலோமினா சொன்னதை நாங்கள் எல்லோருமே கேட்டோம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவர் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கம் பொம்பளைகள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், கோயிலுக்குப் போனாலும் சரி, சர்ச்சுக்குப் போனாலும் சரி. யாராவது கேட்டால் “ஸ்டெல்லா அப்பா” என்று மகள் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வாள்.

ஒருநாள் மத்தியான ஷிப்டில், கூழ் கரைக்கிற அறையில் மருந்து நெடியை வெளியே தள்ளும் காற்றாடி ஓடாமல் இருந்த வாரத்தில், “சவரிமுத்து போறேன், கரைசல் ரூமுக்குப் போறேன்” என்று குரல் எங்களைத் தாண்டிப் போனது. திரும்பி வரவில்லை. ஷிப்ட் முடியும் நேரத்தில் பின்கதவு திறந்து மூடும் சத்தமும், ஒரு ஜீப் கிளம்பும் சத்தமும் கேட்டன. மறுநாள் காலையில் ஊசிப்பாறை வளைவுக்குக் கீழே சவரிமுத்து கிடந்தார், பக்கத்தில் ஒரு பிராந்தி பாட்டில். அன்று அவர் வேலைக்கே வரவில்லை, குடித்துவிட்டுப் பனியில் நடந்து பள்ளத்தில் விழுந்திருக்கிறார் என்று கம்பெனி சொன்னது. சவரிமுத்து குடிக்காத உத்தமர் என்று நான் சொல்லப்போவதில்லை, கிறிஸ்துமஸுக்குக் குடிப்பார், தீபாவளிக்கும் எங்களோடு சேர்ந்து குடிப்பார். ஆனால் கோட்டிங் ரூமுக்குக் குடித்துவிட்டு வருகிற கூறுகெட்டவன் எவனும் எங்களில் இல்லை, அந்த இருட்டில் வாசனை என்பது ஆளையே காட்டிக்கொடுத்துவிடும்.

விசாரணை நடந்தது. பர்சனல் ஆபீசர் கனகசபாபதி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, நாற்பதில் ஒருவர் போக மிச்சம் இருந்த எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அப்போது அவர் இளவட்டம், இஸ்திரி கலையாத சட்டை.

“அன்னைக்கு சவரிமுத்து வேலைக்கு வந்திருந்தாரா?”

“வந்திருந்தாருங்க.”

“பார்த்தீங்களா?”

“கேட்டோமுங்க. பக்கத்துல தாண்டிப் போனாரு.”

“கேட்டதை விடுங்க. கண்ணால பார்த்தீங்களா, இல்லையா?”

எல்லோரிடமும் அதே கேள்வி, எல்லோரிடமிருந்தும் அதே பதில். பார்த்தவர் யாரும் இல்லை, ஆகவே வரவில்லை என்று கனகசபாபதி முடித்துவிட்டார். கடைசியாகப் பிலோமினாவைக் கூப்பிட்டபோது அவள் உட்காரவில்லை.

“இருட்டுல வேலையக் குடுத்துட்டு, பாத்தியான்னு கேக்குறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா சார்?”

“உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

“ஒண்ணும் வேணாம். அன்னைக்கு அவரு வேலைக்கு வந்திருந்தாருன்னு கம்பெனி வாயால ஒரு வார்த்தை. அவ்வளவுதான். எம்மவளக் குடிகாரன் மவள்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்க.”

அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எதையும் தரத் தயார் என்று கனகசபாபதி சொன்னார், மற்ற எதையும் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள் என்று அவளும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பதினாறாம் நாள் கும்பிடு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிலோமினா, அந்த இருட்டுக்குள் முதல் அடி வைத்ததும், ஊர் கேட்க ஒருநாளும் சொல்லாத அந்தப் பெயரை எடுத்தாள். “பிலோமினா வர்றேன். சவரிமுத்து வர்றாரு. பிலோமினா வர்றேன். சவரிமுத்து வர்றாரு.” எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஆனால் கால்கள் வழக்கப்படி சுவரோரம் ஒதுங்கின. முதலில் ஒருவருக்கு ஒதுங்கினோம், பிறகு கொஞ்சம் யோசித்து இன்னொருவருக்கும் சேர்த்து ஒதுங்கினோம். அன்று முழுக்க, மறுநாள் முழுக்க, அந்த மழைக்காலம் முழுக்க, அவள் எங்கே நடந்தாலும் இரண்டு பேராக நடந்தாள், ஓடுகிற சுருளின்மேல் கூழ் படிந்துகொண்டே இருந்தது, படிகிற கூழின்மேல் அந்தப் பெயர் விழுந்துகொண்டே இருந்தது. பிலிமின் சுபாவம் உங்களுக்குத் தெரியும், மேலே பட்டதைப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது.

மழை நின்று தை பிறந்து கல்யாணங்கள் தொடங்கியதும் புகார்கள் வந்தன. முதல் புகார் தாராபுரத்திலிருந்து. அங்கே ஒரு கல்யாண குரூப் போட்டோவில் வலது ஓரமாக வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்ட ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பெண் வீட்டு டாக்டர் மாமா என்று நினைத்துக்கொண்டார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுச் சமையல் மேஸ்திரி என்று நினைத்து, சமையல்காரனை எல்லாம் சம்பந்தி வரிசையில் நிறுத்துகிறார்களே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சீமந்தத்தின்போதுதான் இரண்டு வீட்டு ஆல்பமும் ஒரே பாயில் விரிந்து, உங்களவரும் இல்லை, எங்களவரும் இல்லை என்பது தெரியவந்தது. அடுத்தது அம்பாசமுத்திரம் குற்றாலிங்கம் ஸ்டூடியோ. குற்றாலிங்கம் அண்ணாச்சி எடுத்த காதுகுத்துப் போட்டோவில் தாய்மாமன் மடியில் குழந்தை அழாமல் ஓரமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, அது பார்த்த இடத்தில் அதே வெள்ளைக் கோட்டு. பிறகு பழனி, பிறகு காரைக்கால், பிறகு ஊர் பெயர் சொல்லி மாளாது.

புகாரோடு வந்த போட்டோக்களைக் கம்பெனி எங்களிடம் காட்டாமல் மறைத்துப் பார்த்தது. கேன்டீன் வழியாக எது மறையும்? முதல் படம் கைக்கு வந்தபோது பிலோமினா அழவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, “தொப்பியச் சாச்சு வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன், கேட்டாத்தான” என்றாள். அதே மாதம் கான்வென்டில் எடுத்த வகுப்புப் போட்டோவும் வந்தது. சவரிமுத்து அதில் ஓரத்தில் நிற்கவில்லை, மூன்றாவது வரிசையில் ஸ்டெல்லாவுக்கு நேர் பின்னால் நின்றார். அந்தப் போட்டோ வகுப்பில் எல்லோருக்கும் ஒரு பிரதி என்பதால் நாற்பத்தைந்து வீட்டுக்குப் போனது, போனதிலிருந்து குடிகாரன் மகள் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

கம்பெனி சும்மா இருக்குமா? தொட்டிகளைக் கழுவினார்கள், கூழை மாற்றினார்கள், தண்ணீரை மாற்றினார்கள், அர்ச்சகரையும் பாதிரியாரையும் ஹஜ்ரத்தையும் முறைபோட்டு அழைத்து வந்து மூன்று கதவிலும் மந்திரிக்கச் சொன்னார்கள். ஜெர்மனியிலிருந்து ஒரு விஞ்ஞானி வந்தார், போட்டோவைப் பார்த்தார், சவரிமுத்துவின் நிற்கும் தோரணை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எங்கள் ஊர் வறுக்கி பிஸ்கட் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் கனகசபாபதிதான் நோயைக் கண்டுபிடித்தார். பிலோமினாவைக் கோட்டிங் ரூமிலிருந்து தூக்கிக் கேன்டீனில் பாத்திரம் துலக்கப் போட்டார். அன்றைக்கு நாங்கள் உள்ளே போனோம், கதவு மூடியது, ஒரு நிமிஷம் யாரும் நகரவில்லை. பிறகு மூலையில் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “ராமசாமி வர்றேன், சவரிமுத்து வர்றாரு” என்றார். அதோடு மடை உடைந்தது. “பாத்திமா போறேன், சவரிமுத்து போறாரு.” “போஜன் வர்றேன், சவரிமுத்து வர்றாரு.” ஒரு பிலோமினாவை வெளியே போட்டு முப்பத்தெட்டு பிலோமினாவை உள்ளே வைத்துக்கொண்டது கம்பெனி.

கோட்டிங் ரூமில் பேசக் கூடாது என்று உத்தரவு வந்தது. சரி என்று வாயை மூடிக்கொண்டு நடந்தோம். மூக்கு உடைந்தது, பல் உடைந்தது, சுருள் சுருளாகப் பிலிம் காலில் மிதிபட்டது, ஒரு சூப்பர்வைசர் இன்னொரு சூப்பர்வைசரைத் திருடன் என்று நினைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினார். வாரம் முடிவதற்குள் உத்தரவு வாபஸ் ஆனது, பிலோமினாவும் இருட்டுக்குத் திரும்பினாள்.

இதற்குள் ஊர் உலகம் அவரைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எங்கள் ஜனங்கள் முன்பின் தெரியாத ஒருவன் பந்தியில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்கள், போட்டோவில் நின்றுவிட்டால் எழுப்ப முடியாது என்று தெரிந்ததும் உறவுமுறை வைத்துவிடுவார்கள். கம்பெனி அண்ணன் என்று பெயர் வைத்தார்கள். கல்யாண மேடையில் வலது ஓரத்தில் ஒரு ஆள் இடம் விட்டு நிற்பது பழக்கமானது, அவசரத்தில் யாராவது அங்கே போய் நின்றால், “ஏப்பா, அண்ணன் நிக்கிற எடம், இந்தப் பக்கம் வா” என்று இழுத்து விடுவார்கள். கூடப் பிறந்தவன் இல்லாத பெண்ணுக்கு மச்சான் மோதிரம் போடும் சடங்கில் ஆள் இல்லையே என்று மருகிய வீடுகளில், மோதிரத்தைத் தட்டில் வைத்து ஒரு போட்டோ எடுத்துவிட்டு, அண்ணன் போட்டுவிட்டார் என்று ஆறுதல் அடைந்தார்கள். இறந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் குடும்பத்தோடு படம் எடுப்பார்கள் இல்லையா, அந்தப் படங்களில் அவர் ஓரத்தில் நிற்காமல் நாற்காலிக்குப் பின்னால் வந்து, சாய்கிற தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அதற்காகவே சிலர் தாரகை பிலிம் கிடைக்கும்வரை பிணத்தை எடுக்காமல் வைத்திருந்தார்கள். அடையாள அட்டைப் படங்களில் காதுக்குப் பின்னால் அவர் தெரிவதைப் பார்த்து ஆபீஸ்களில் முதலில் திருப்பி அனுப்பினார்கள், திருப்பி அனுப்பிச் சலித்துப்போய், கோட்டு போட்டவர் விண்ணப்பதாரர் அல்ல என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டார்கள். சிவகாசியில் தனியாக வாழ்ந்த ஒரு டீச்சரம்மா வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டூடியோவுக்குப் போய் நல்ல புடவை கட்டிப் படம் எடுத்துக்கொள்வார், ஏன் என்று கேட்டவர்களுக்கு, கூட ஒரு ஆள் இருக்கிற மாதிரி வேறு எங்கே உட்கார முடிகிறது என்று பளிச்சென்று சொல்வார்.

கடைகளில் தாரகை பிலிம் என்று கேட்பதை விட்டுவிட்டு அண்ணன் பிலிம் என்று கேட்கத் தொடங்கினார்கள். மூன்று ஷிப்ட் ஓடியது. புதுக் கட்டடம் எழும்பியது, கம்பெனி பஸ் வந்தது, எங்கள் வீடுகளில் சிமென்ட் தரை வந்தது, மிக்சி வந்தது. அழிக்க முடியாததை விற்றுவிடலாம் என்று கம்பெனி புத்திசாலித்தனமாக முடிவெடுத்து, மஞ்சள் டப்பாமேல் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு நிழலை அச்சடித்து, ‘உங்கள் குடும்பத்தில் ஒருவர்’ என்று கீழே எழுதியது. பெயர் போடவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்த விளம்பரத்தைப் பார்த்த அன்று பிலோமினா நேராகக் கனகசபாபதி அறைக்குள் போனாள். அதற்குள் அவர் மேனேஜர்.

“விக்கிறதுக்கு இருக்காரு. வேலைக்கு மட்டும் வரலியா சார்?”

“அது வேற, இது வேறம்மா. லேப் ரிப்போர்ட்ல அத ஓரக்கறைன்னு போட்டிருக்காங்க. மனுஷ வடிவத்துல ஒரு கறை. அவ்வளவுதான்.”

“கறையா? அந்தக் கறைக்கு நாந்தான் சோறு பொங்கிப் போட்டேன். கறைக்கு இடது கண்ணுக்கு மேல ஒரு தழும்பு இருக்கும் பாருங்க, அது ஊட்டி ரோட்டுல சைக்கிள்ல விழுந்தது.”

“உங்க நல்லதுக்குச் சொல்றேன். கம்பெனி நல்லாப் போயிட்டிருக்கு. இத இப்படியே விட்டுருங்க.”

“விடமாட்டேன் சார். நீங்க சொல்ற வரைக்கும் அவரு நிப்பாரு. அவரு நிக்கிற வரைக்கும் நானும் நிப்பேன்.”

நிற்கத்தான் செய்தாள். முடி நரைத்தது, ஸ்டெல்லா படித்து நர்ஸாகிப் போனாள், காற்றாடிகள் புதிதாக மாறின, பிலோமினா ஒவ்வொரு நாளும் இரண்டு பேராக உள்ளே போய் இரண்டு பேராக வெளியே வந்தாள். வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று மேனேஜரின் அறைக்குப் போய் அதே கேள்வியைக் கேட்பாள், அவர் அதே பதிலைச் சொல்வார், இவள் பொரிகடலையை மேசைமேல் வைத்துவிட்டு வருவாள்.

பிறகு பிலிம் இல்லாத கேமரா வந்தது. முதலில் சிரித்தோம், அரிசி இல்லாத சோறு மாதிரி என்று கேலி செய்தோம். அடுத்த வருஷம் சிரிப்புக் குறைந்தது. ஸ்டூடியோக்காரர்கள் ஒவ்வொருவராக இருட்டறையை இடித்து அங்கே ஜெராக்ஸ் மெஷினை வைத்தார்கள். புதுக் கேமராவில் அண்ணன் வருவதில்லை. வலது ஓரத்தில் இடம் விட்டு நின்று பழகிய ஜனங்கள் கொஞ்ச நாள் இடம் விட்டே நின்றார்கள், அந்த இடத்தில் ஒன்றும் விழாததைப் பார்த்து அடுத்த கல்யாணத்தில் நெருங்கி நின்றுகொண்டார்கள். மூன்று ஷிப்ட் இரண்டானது, இரண்டு ஒன்றானது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எக்ஸ்ரே பிலிம் கேட்டதால் கொஞ்ச காலம் மூச்சு ஓடியது. எக்ஸ்ரேயில்கூட நோயாளியின் விலா எலும்புக்குப் பக்கத்தில் தொப்பி சாய்ந்த ஒரு தலை தெரியும், டாக்டர்கள் அதைத் தள்ளிவிட்டுப் பார்க்கப் பழகியிருந்தார்கள். அதுவும் நின்றது. கம்பெனி பஸ் ஓடை ஓரத்தில் நின்று துருப்பிடித்தது. கோட்டிங் ரூமில் சுருள் ஓடாத நாட்களிலும் நாங்கள் உள்ளே போய்ப் பெயர் சொல்லி நடந்துவிட்டு வந்தோம், வேறென்ன செய்வது.

மூடும் நாள் வந்தது. நாங்கள் மறியல் செய்தோம், மந்திரிகளிடம் போனோம், மழையில் கூடாரம் போட்டு உட்கார்ந்தோம், அதையெல்லாம் சொன்னால் இன்னொரு கதையாகும். மூடுகிற நாளில் மேனேஜிங் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது கனகசபாபதிதான். மிஞ்சியிருந்த அத்தனை பேரும் புல்வெளியில் நின்று ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். வந்தோம். அம்பாசமுத்திரத்திலிருந்து குற்றாலிங்கம் அண்ணாச்சியும் தன் பழைய கேமராவோடு, கடைசியாகச் சுருட்டிய ஒரு ரோல் பிலிமைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வயதில் மலையேறி வந்திருந்தார். கனகசபாபதி அவரை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கி அனுப்பிய புதுக் கேமராவைக் காரிலிருந்து எடுத்துவரச் சொன்னார். டிரைவர் ஒரு தட்டுத் தட்டினார். படம் அப்போதே பின்பக்கம் பளிச்சென்று தெரிந்தது.

கனகசபாபதி அதை வாங்கிப் பார்த்தார். இடமிருந்து வலம் பார்த்தார், வலமிருந்து இடம் பார்த்தார். பிறகு எத்தனையோ வருஷத்தில் நாங்கள் பார்க்காத ஒரு சிரிப்போடு கூட்டத்தைப் பார்த்துக் கேமராவைத் தூக்கிக் காட்டினார்.

“எல்லாரும் நல்லாப் பாருங்க. இதுல அந்த ஆள் இல்ல.”

கூட்டம் முணுமுணுத்தது. பிலோமினா முன் வரிசையிலிருந்து எழுந்து போனாள், சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கேமராவை வாங்கினாள், முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தாள்.

“ஆமா சார். இல்ல. இன்னைக்கு அவரு வரல.”

“அதைத்தானம்மா அன்னையிலிருந்து சொல்றேன்.”

“இல்ல சார், நீங்க கவனிக்கல. அவரு வராத நாளு எப்படி இருக்கும்னு நம்ம கம்பெனிக்குள்ள இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் மொதல் தடவையாப் பாக்கறோம். வராத நாளுன்னா இதுதான். இதே மாதிரி வேற ஒரு நாளு இருந்திருந்தா காட்டுங்க, நான் ஒத்துக்கிட்டுப் போயிடறேன்.”

கனகசபாபதியின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கழுத்து சிவந்தது. அவர் கத்துவதை நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

“எந்த நாளைக் காட்டச் சொல்ற? அவன் எந்த நாளு வராம இருந்தான்? மழைன்னு பாத்தானா, ஸ்டிரைக்குன்னு பாத்தானா? ஒருநாள், ஒரே ஒருநாள் லீவு போட்டிருப்பானா அந்த மனுஷன்? எம் பொண்ணு கல்யாணத்துக்கு ஜப்பான் பிலிம் வாங்கிக் குடுத்தேன், பாதியில தீந்துபோச்சுன்னு இந்த அண்ணாச்சி நம்ம பிலிமப் போட்டுட்டாரு. தாலி கட்டுற நேரத்துல எம் பக்கத்துல, எந்தோளு மேல கைய வெச்சுட்டு நிக்கறான்! அந்த ஆல்பத்த எம் பொண்ணு இன்னும் ஒருதரம்கூட முழுசாப் பாத்ததில்ல. எல்லா நாளும் வந்தான்! எல்லா நாளும்!”

பிலோமினா கேமராவை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

“அன்னைக்கு?”

பனி கீழேயிருந்து ஏறி வந்தது. கனகசபாபதி காரைப் பார்த்தார். காருக்கும் அவருக்கும் நடுவில் நாங்கள் நின்றோம். யாரும் அவரைத் தொடவில்லை, ஒதுங்கவும் இல்லை. ஆயுசு முழுக்க ஒதுங்கி ஒதுங்கிப் பழகிய உடம்புகள் அன்றைக்கு ஒரு அங்குலம் அசையவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

“வந்திருந்தாரு” என்றார். “கரைசல் ரூம்ல காத்தாடி ஓடல. ரெண்டு தடவ எழுதிக் கேட்டிருந்தாங்க, நாந்தான் அப்புறம் பாக்கலாம்னேன். அவரு அங்கயே விழுந்துட்டாரு. நாங்கதான் ஜீப்புல ஏத்திட்டுப் போனோம். பாட்டிலு என்னோடது.”

ஒரு வார்த்தை கேட்டவளுக்கு அத்தனை வார்த்தை கிடைத்தது. பிலோமினா தலையை ஆட்டிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை. எங்களில் யாரோ விசும்பினார்கள், யாரோ விசில் அடித்தார்கள், அப்புறம் என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல முடியாதபடி எல்லோரும் எல்லோரையும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். கனகசபாபதி கார்வரைக்கும் நடந்தே போனார், டிரைவர் கதவைத் திறந்துவிடவில்லை.

குற்றாலிங்கம் அண்ணாச்சிதான், “எல்லாரும் நில்லுங்கய்யா, நம்ம பிலிம்ல ஒண்ணு எடுத்துருவோம்” என்று கூப்பிட்டார். வழக்கப்படி வலது ஓரத்தில் இடம் விட்டு நின்றோம். அவர் கடைசி ரோலை மாட்டி எடுத்தார், எங்கள் லேபிலேயே கழுவினோம், ஈரத்தோடு தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். வலது ஓரத்தில் யாருமே இல்லை. வெறும் புல். பதறிப்போய் வரிசை வரிசையாகத் தேடினோம், பின்னால் தேடினோம், மரத்தடியில் தேடினோம். பிறகுதான் படத்தில் பிலோமினாவும் இல்லை என்பது கண்ணில் பட்டது. அண்ணாச்சி கேமராவில் ரோலை மாட்டுவதற்குள் அவள் கிளம்பிப் போயிருக்கிறாள்.

நாங்கள் சிலர் பின்னாலேயே ஓடினோம். அவளைக் கீழ் பஜாரில், பாலக்காட்டிலிருந்து வரும் மீன் வண்டிக்கு முன்னால் பிடித்தோம். மத்தி வாங்கிக்கொண்டிருந்தாள், பெரிதாகப் பார்த்துப் பொறுக்கி, செதில் தேய்க்கச் சொல்லி, இன்னும் போடு என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, “அக்கா, போட்டோவுல அண்ணன் இல்லக்கா” என்றோம். அவள் எங்களைப் பார்த்தாள், இதற்கா இப்படி ஓடி வந்தீர்கள் என்பது போல. “வேல முடிஞ்சவரு அங்க எதுக்கு நிக்கணும்?” என்றாள்.

மீன்காரர் பையை நீட்டிக்கொண்டே கேட்டார். “எவ்வளவோ காலமாக் காக்கிலோதான வாங்குவீங்க? ஒரு ஆளுக்கு இத்தன எதுக்கும்மா?”

பிலோமினா பையை வாங்கிக்கொண்டாள்.

“ஒரு ஆளுன்னு யாரு சொன்னது?”